ஏழாம் நம்பர் தடியும் இடது காலும்

“நீ என்ன, வலையா இழுக்கிறாய்?”

விறாந்தைக் கதிரையில் இருந்தபடி என் மனுசன் கேட்ட கேள்வி இது.

நான் அப்போது எங்கள் வளவின் நடுவில், வேப்பமரத்துக்கும் கிணற்றுக்கும் இடைப்பட்ட மணலில், ஒரு கோல்ஃப் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடுத்தியிருந்தது வீட்டுச் சோட்டி. காலில் செருப்பில்லை. எனக்கு முன்னால் முட்டையளவில் ஒரு வெள்ளைப் பந்து கிடந்தது. படலைக்கு வெளியே ஒரு கழுதை காட்போட் துண்டொன்றைச் சப்பியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

தடியை ஓங்கினேன், வீசினேன். பந்து நாலு முழம் உருண்டு கோழிக்கூட்டுப் பக்கம் போய் நின்றுவிட்டது. கழுதைகூட அதற்குத் தலையைத் திருப்பவில்லை.

“எங்கை பிழை?” என்று கேட்டேன்.

“பிழை கையிலை இல்லை, காலிலை. அடிக்கிற நேரம் பார்த்துப் பின்காலிலை போய்க் குந்துறாய்.”

“குந்தேல்லை.”

“குந்தினாய். நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறன்.”

“அப்ப எழும்பி வந்து காட்டுங்கோ.”

அவர் இடது தொடையைத் தடவிக்கொண்டு படலைப் பக்கம் முகத்தைத் திருப்பினார். நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அந்த ஒரு வசனத்தைச் சொல்வதற்காகத்தான் அறுபது வயதுக்குமேல் நான் அந்தத் தடியைத் தூக்கினேன் என்பது அவருக்குத் தெரியாது.

ஒரு நியாயமான ஏச்சு

இந்தத் தொடரில் கொஞ்ச நாளைக்கு முன் மன்னார்க் கழுதைகளைப் பற்றி எழுதினேன். அவற்றில் ஒன்று குறுக்கே வந்ததால் என் மனுசன் மோட்டார் சைக்கிளோடு விழுந்து தொடையெலும்பு முறிந்ததை, போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார்: “அவர் இப்போது நடக்கிறாரா இல்லையா? அதைச் சொல்லாமல் கழுதையின் காதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்களே.”

நியாயமான ஏச்சு. வாங்கிக்கொள்கிறேன்.

என் மனுசனின் பெயர் மனுவேல். வங்காலை ஆள். அன்று காலை மீன் சந்தைக்குப் போய் விளைமீன் வாங்கிக்கொண்டு திரும்பியவர், பஸ் நிலையத்துக்குக் கிட்ட விழுந்தார். தூக்கியவர்கள் சொன்னார்கள், தொடை முறிந்து கிடந்தபோதும் மீன் பையைக் கையைவிட்டு விடவில்லையாம். ஆஸ்பத்திரியில் எனக்கு முதலில் தந்தது அந்தப் பையைத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன். பிறகு அந்த மீனை என்ன செய்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். மாதங்கள் போயின. எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டது என்று டொக்டர் படத்தைப் பிடித்துக் காட்டினார். பிசியோ பிள்ளை கௌசி, மன்னார்த் தீவுக்கு வெளியே பெருநிலப்பக்கத்தில் வயல் செய்கிற குடும்பத்துப் பிள்ளை, நல்ல பொறுமைசாலி. அவளும் கதிரையை இழுத்துப் போட்டு இவருக்கு முன்னால் இருந்து சொன்னாள்:

“ஐயா, இனி நீங்கள் அந்தக் காலிலை பாரம் குடுக்கத்தான் வேணும். குடுக்காட்டித் தசை வத்திக்கொண்டே போகும். அடுத்த கிளினிக்குக்கு வரேக்கையும் இப்பிடியே இருந்தால், பிறகு திருப்பி எடுக்கிறது சரியான கஷ்டம்.”

“ஓம் பிள்ளை,” என்றார்.

டொக்டருக்கும் ஓம். பார்க்க வந்த கோயில் பாதருக்கும் ஓம். வீட்டுக்கு வந்தால் கதிரை. கட்டிலிலிருந்து கதிரைக்கும் கதிரையிலிருந்து கட்டிலுக்கும் ஊன்றுகோலில் போவார். இடது காலைச் சுடுமணலில் வைப்பதுபோல விரல் நுனியால் தொட்டுத் தொட்டு எடுப்பார். ஒருநாள் கிணற்றடியில் குளிக்க வார்க்கும்போது அந்தத் தொடையைப் பார்த்தேன். மற்றத் தொடையில் பாதிதான் இருந்தது. சவர்க்காரம் கண்ணுக்குள் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

எனக்கு வேண்டியிருந்தது

பதினேழு வருசம் இவர் வளைகுடாவில் இருந்தார். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை வந்து ஒரு மாதம் நிற்பார். கூரைக்கு ஓடு மாற்றுவார், சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவார், பெட்டி கட்டுவார். நான் கச்சேரியில், மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக். காலையில் கந்தோர், பின்னேரம் பிள்ளைகள். எங்கள் குடித்தனத்தில் பெரும்பகுதி போனில்தான் நடந்தது.

ஒரேயடியாகத் திரும்பி வந்த அன்று, “உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டார்.

“பின்னேரத்திலை என்னோடை நடக்க வாங்கோ,” என்றேன்.

வந்தார். ஒவ்வொரு பின்னேரமும் படலையைப் பூட்டிவிட்டுப் பாலத்தடிவரைக்கும் போய்த் திரும்புவோம். நான் வேகமாக நடப்பேன், அவர் மெதுவாக நடப்பார், நடுவில் ஒரு வேகத்துக்கு வந்து சேர எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. பதினேழு வருசமாகப் போனில் சொல்லாமல் விட்டதையெல்லாம் அந்த ரோட்டில்தான் பேசினோம். முழுதும் பேசி முடிப்பதற்குள் கழுதை வந்துவிட்டது.

எனக்கு அந்த நடை திரும்பவும் வேண்டும். அதைத் தவிர வேறொன்றும் நான் யாரிடமும் கேட்கவில்லை. மடு மாதாவிடம்கூட அதை மட்டும்தான் கேட்டேன்.

கூண்டுக்குள் இருந்தவர்

வளைகுடாவில் இவருக்கு ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை. பாலைவனத்து மணலுக்கு நடுவில் தண்ணீர் விட்டு விட்டு வளர்த்த புல். முதலில் புல் வெட்டினார். பிறகு, ஆட்கள் நின்று அடித்துப் பழகுகிற இடத்தில் பந்து பொறுக்குகிற வண்டியைக் கொடுத்தார்கள். அந்த வண்டியைச் சுற்றிக் கம்பிக்கூண்டு. நாள் முழுக்க ஆட்கள் அடிக்க அடிக்க, இவர் அந்தப் பந்துகளுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். டங் டங்கென்று கூண்டில் பந்து படும். போனில் பேசும்போதே எனக்குக் கேட்கும்.

“பயமில்லையா?” என்று கேட்பேன்.

“ஆரிட்டை இருந்து வரும் எண்டு முதலே தெரியும். அவ்வளவு தூரத்திலை கை தெரியாது, முகம் தெரியாது. இடுப்பு திரும்புறது தெரியும். கால் நிலத்தை மிதிக்கிறது தெரியும். நல்லா மிதிச்சவன்ரை பந்து என்னைத் தாண்டிப் போகும். மிதிக்காதவன்ரை பந்துதான் கூண்டிலை படும்.”

இப்படி வருசக்கணக்காகக் கூண்டுக்குள் இருந்து பார்த்தே பழகினார். வெள்ளிக்கிழமைக் காலையில் வேலைக்காரர்களும் அடிக்கலாம் என்று விட்டிருந்தார்கள். நாட்டுக்கு வரும்போது அங்கே விளையாட வருகிற ஒருவர் பழைய இரும்புத் தடியொன்றைக் கொடுத்துவிட்டார், ஏழாம் நம்பர். ஒரு பை நிறையப் பழைய பந்தும் வந்தது. இரண்டும் அலுமாரிக்கு மேல் பழைய படுக்கைவிரிப்பில் சுற்றிக் கிடந்தன.

கிணற்றடியில் அழுத மறுநாள் நான் அதை இறக்கினேன். தூசு தட்டிக்கொண்டுபோய் இவருக்கு முன்னால் நின்றேன்.

“எனக்கு இதைப் பழக்கிவிடுங்கோ.”

“உனக்கென்ன விசரோ?”

“முப்பது வருசம் கந்தோரிலை குந்தியிருந்து இடுப்பு பிடிச்சுப்போச்சு. பழக்குறியளோ, இல்லாட்டி நான் அயலிலை ஆரையும் கேக்கட்டோ?”

மன்னாரில் கோல்ஃப் தெரிந்த அயல் எங்கே இருக்கிறது. ஆனால் மனுசன் நிமிர்ந்து இருந்தார்.

“தடியை இறுக்காதை. கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரிப் பிடி,” என்று தொடங்கினார். ஓங்கும்போது பாரம் வலது காலின் உட்பக்கத்துக்கு வரவேண்டுமாம். இறக்கும்போது கை முதலில் வரக்கூடாதாம். முதலில் இடது கால் நிலத்தை அழுத்த வேண்டும், பிறகு இடுப்பு திரும்ப வேண்டும், கையும் தடியும் தாமாக இழுபட்டு வரும். “கையாலை அடிச்சால் கைப்பலம் மட்டும்தான். நிலத்தை மிதிச்சால் நிலம் உன்னைத் திருப்பித் தள்ளும். அந்தத் தள்ளுதான் பந்துக்குப் போறது.”

இதையெல்லாம் கதிரையில் இருந்தபடியே சொன்னார்.

ஓலைத்தொடுவாய்க் கால்

நான் பொய்யாகப் பிழைவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனக்கு உண்மையிலேயே வரவில்லை.

நான் பிறந்தது ஓலைத்தொடுவாயில். எங்கள் ஆட்கள் கரைவலை இழுக்கிறவர்கள். கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையின் கயிற்றைக் கரையில் இரண்டு வரிசையாக நின்று இழுக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டால் நாங்கள் பெட்டைகளும் கயிற்றின் வாலைப் பிடிப்போம், கறிக்கு மீன் கிடைக்கும். இழுக்கிறவர் எல்லாரும் பின்னுக்குச் சாய்ந்து, குதிகாலை மணலில் புதைத்து, முழுப் பாரத்தையும் பின்காலில் போட்டுத்தான் நிற்பார்கள். முன்காலில் பாரம் போனால் கயிறு ஆளைக் கடலுக்குள் கொண்டுபோய்விடும். “பின்காலை விடாதை” என்று என்னைப் பெற்ற ஐயா கத்தியது இன்னும் என் முழங்காலுக்குள் இருக்கிறது.

இப்போது அங்கே உழவு மெசினைக் கட்டித்தான் கயிறு இழுக்கிறார்கள். என் காலுக்கு அது தெரியாது. தடி கீழே இறங்குகிற நேரம், கயிறு வழுக்கப் போகிறது என்று நினைத்து அது பின்னுக்குப் போய்க் குந்திவிடும்.

வங்காலையில் இவர்கள் வீடு தோட்டக்காரர் வீடு, வலைக்கயிற்றைத் தொட்டதேயில்லை. அதனால் என் பிழையைப் பார்க்க இவருக்கு நல்ல கொண்டாட்டம். “ஓலைத்தொடுவாய்க் கால், ஓலைத்தொடுவாய்க் கால்” என்று சொல்லிச் சிரிப்பார். விழுந்த பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு பந்து கூடப் பிழையாக அடிக்கலாம் என்றிருந்தது.

நடுவில் ஒருநாள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கௌசியிடம் விசயத்தைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு எழுந்து நின்று தன் காலிலேயே பாரத்தை வலமும் இடமும் மாற்றிப் பார்த்தாள்.

“அம்மா, நான் செய்யச் சொல்லுறதும் இதைத்தான். ஐயா எழும்பினால் எழும்பட்டும். பாதி வீச்சுக்கு மேலை விடாதேங்கோ. நீங்கள் பக்கத்திலையே நில்லுங்கோ.”

கிளினிக்குக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. இவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

ஈர மணல்

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் தம்பியின் ஓட்டோவில் இவரை ஏற்றிக்கொண்டு ஓலைத்தொடுவாய்க் கடற்கரைக்குப் போனோம். தம்பி ஒரு பிளாஸ்டிக் கதிரையை மணலில் வைத்து இவரை இருத்திவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று ஊருக்குள் போனான். சோளகக் காற்று அடங்கிய காலம். கரையோரத்துக் காற்றாலைகள் சுற்றாமல் நின்றன. அலை வந்து திரும்பிய மணல் ஈரமாக, இறுகி, பளபளவென்று கிடந்தது.

நான் அடித்தேன். பந்து உருண்டது.

“திரும்பவும் வலை,” என்றார்.

“அப்ப எழும்பி வந்து காட்டுங்கோ.”

சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் இல்லை. ஊன்றுகோலை எடுத்தார், எழும்பினார். நான் தெரியாத மாதிரிப் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்து தடியை வாங்கினார். ஊன்றுகோலை என்னிடம் தந்தார். பாதி ஓங்கி வீசினார்.

பந்து என் பந்தைவிடக் கொஞ்சம் தூரம் உருண்டு, ஒரு சின்ன அலையில் நனைந்து நின்றது.

“தடி பழசு,” என்றார்.

நான் கீழே குனிந்து பார்த்தேன். ஈர மணல் பொய் சொல்லாது. வலது கால் நின்ற இடத்தில் குதிகால் ஒரு குழியே தோண்டியிருந்தது. இடது கால் நின்ற இடத்தில் ஐந்து விரல்களின் அடையாளம் மட்டும் லேசாகத் தெரிந்தது.

“இஞ்சை பாருங்கோ. நீங்களும் வலைதான் இழுக்கிறியள்.”

பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“உனக்கென்ன தெரியும்? சும்மா நிண்டு கதைக்கிறாய்.”

“எனக்குத் தெரியிறது கிளினிக் கிட்டுது எண்டுதான். உங்களுக்கு நோகுதோ, பஞ்சியோ, என்னெண்டு சொல்லுங்கோவன். எத்தினை மாசமாக் கேக்கிறன்.”

கடல் பக்கம் திரும்பினார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார்:

“நோவு இல்லை றெஜி. அண்டைக்கு விழேக்கை இந்தக் காலைத்தான் ஊண்டினனான். ஊண்டினன், கீழை நிலம் இல்லை. கால் போய்க்கொண்டேயிருந்தது. இப்பவும் ஊண்டப் போனால் அப்பிடித்தான். கீழை ஒண்டும் இல்லாத மாதிரிக் கிடக்கு.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை மாதமும் இந்த மனுசனைப் பஞ்சி பிடித்த சோம்பேறி என்று ஏசியிருக்கிறேன். கதிரையோடு ஒட்டிப்போனீர்கள் என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். அவருக்குப் பயம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

நான் மணலில் முழங்காலில் இருந்தேன். என் இடது கையை விரித்து, உள்ளங்கை மேலே தெரிய, அவருடைய இடது காலுக்கு முன்னால் வைத்தேன்.

“இப்ப கீழை என்ரை கை இருக்கு. ஊண்டுங்கோ.”

“உனக்கு விசர்தான்.”

“நிலம் இல்லாட்டிப் போகட்டும். கை இருக்குது தானே. நோகுது எண்டு நான் சொல்லுமட்டும் மிதியுங்கோ. சொன்ன உடனை எடுங்கோ.”

ஒரு கையால் தடியை ஊன்றினார். மற்றக் கையை என் தலையில் வைத்தார், கோயிலில் பாதர் ஆசீர்வாதம் தருவதுபோல. கால் விரல்கள் என் உள்ளங்கையைத் தொட்டன. குளிர்ந்து போயிருந்தன.

“இதென்ன பாரம்? எங்கடை கோழி ஏறி நிண்டாலும் இதைவிடக் கனக்கும்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு பாரமும் வந்தது. முதலில் முன்பாதம், பிறகு குதிகால். என் கை மணலுக்குள் இறங்கியது. கொஞ்சம் இறங்கி, மணல் இறுகி, அதற்குமேல் போகாமல் நின்றுவிட்டது. மேலேயிருந்து அவர் அழுத்தினார், கீழேயிருந்து மணல் என் புறங்கையைத் திருப்பித் தள்ளியது. கதிரையில் இருந்து இத்தனை நாளும் இவர் சொல்லித்தந்த தள்ளு இதுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“நோகுதோ?” என்று அவர் கேட்டார்.

“இல்லை.”

“இப்ப?”

“இல்லை எண்டுறன். மற்றக் காலைத் தூக்குங்கோ.”

வலது குதிகால் மணலை விட்டு எழும்பியது. அவருடைய கால் நடுங்குவது என் தோள்வரைக்கும் வந்தது. அப்படியே நின்றார். ஒரு அலை வந்து எங்கள் இரண்டு பேரையும் நனைத்துவிட்டுப் போனது.

பிறகு நான் கையை மெல்ல உருவிக்கொண்டேன். கால் இருந்த இடத்திலேயே நின்றது.

இன்னொரு பந்தை வைத்தேன். பாதி ஓங்கினார். கையை முந்தவிடாமல் இடது கால் மணலை அழுத்தியது, இடுப்பு திரும்பியது, தொப்புள் கடலைப் பார்த்தது. வலது கால் பெருவிரலில் மட்டும் நின்றது. பந்து எழும்பி மூன்றாவது அலைக்கு அப்பால் விழுந்தது.

“பந்து போயிட்டுது,” என்றேன்.

“போகட்டும்.”

நாங்கள் இரண்டு பேரும் கடலைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தோம். இடது காலின் தடம் முழுதாக, குதிகாலோடு, ஆழமாக விழுந்திருந்தது. அதற்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. இவர் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். தம்பி வந்து ஓட்டோவின் ஹோர்னை அடிக்கும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.

மறுநாள் காலை

தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபோது இவர் என் கையைப் பிடித்துத் திருப்பினார். முதல்நாள் மணலில் கையை வைத்தபோது கல்யாண மோதிரத்தைக் கழற்ற மறந்துபோய்விட்டேன். மோதிர விரலின் அடியிலிருந்து உள்ளங்கையின் நடுவரைக்கும் நீலமாகக் கண்டிப்போயிருந்தது. விரலை மடக்க முடியவில்லை.

“நோகேல்லை எண்டாய்.”

“நொந்தது.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“சொன்னால் காலை எடுத்திருப்பியள்.”

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தார். தேத்தண்ணி ஆறிவிட்டது.

அன்று பின்னேரம் நான் முகம் கழுவி வந்தபோது விறாந்தைக் கதிரை வெறுமையாக இருந்தது. படலையடியில் அவர் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். இரண்டு காலிலும் நின்றார்.